உறையும் இசையும்: கிறிஸ்டியன் மார்க்ளேயின் கலையும் எங்கள் சித்தூர் வீட்டு இசைத்தட்டுகளும்

சித்தூரில் எங்கள் வீட்டுப் பூசை அறையில் ஏறக்குறைய ஓரடிச் சதுரத்தில் ஒரு பெருமாள் படம் உண்டு. கண்ணாடி போட்டு, மரச்சட்டம் கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்து, பூ வைக்கிற படம். அது படக்கடையில் வாங்கியதல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டின் உறை. அட்டையில் சாமி இருக்கிறாரே, அதைப் போய் அலமாரியில் செருகலாமா என்று எங்கள் நைனாவுக்கு மனசு வரவில்லை. பஜார் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுவிட்டார். இசைத்தட்டோ, தெலுங்குப் பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு பீரோவின் மேல் கிடந்தது.

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில், சுவரில் மாட்டிய இசைத்தட்டு உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றோடொன்று ஊசி நூலால் தைக்கப்பட்ட உறைகள். பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, நம்ம ஊர் வீட்ல சாமி ரூம்ல மாட்டியிருக்கே, அதுவும் இந்த மாதிரி ரெக்கார்டு அட்டைதானே? அப்ப தாத்தாவும் ஆர்ட்டிஸ்டா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மார்க்ளே யார்?

கிறிஸ்டியன் மார்க்ளே 1955-இல் கலிபோர்னியாவில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் வளர்ந்தவர். ஓவியச் சிற்பக் கல்லூரி மாணவராக இருந்து, 1979-ஐ ஒட்டி இசைத்தட்டைக் கையிலெடுத்தார். வாத்தியம் எதுவும் முறையாகக் கற்காதவர். சுழலும் தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டார். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த தட்டுகளைத் துண்டுகளாக அறுத்து, வெவ்வேறு தட்டுகளின் துண்டுகளை ஒன்றாக ஒட்டி, அதன்மேல் ஊசியை வைத்தார். ஒரு சுற்றுக்குள் நாலு பாட்டு, நாலு வெட்டுச் சத்தம். 1980 முதல் 1986 வரை செய்த இவற்றுக்கு 'ரீசைக்கிள்டு ரெக்கார்ட்ஸ்' என்று பெயர்.

1985-இல் 'ரெக்கார்ட் விதவுட் எ கவர்' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டார். பெயருக்கேற்ப அதற்கு உறை கிடையாது. பாதுகாப்பாக உறையிலிட்டு வைக்காதீர்கள் என்று தட்டிலேயே குறிப்பு இருந்தது. தூசி படியும், கீறல் விழும், ஒவ்வொருவர் வீட்டுத் தட்டும் வேறு வேறு சத்தம் போடும். அந்தக் கீறலும் இசையில் சேர்ந்ததே என்பது அவர் கட்சி.

பின்னாளில் அவர் காணொளிக் கலைக்கு வந்தார். 1999-இல் செய்த 'ஜெஸ்ச்சர்ஸ்' நான்கு காட்சிகளில், தட்டைத் தேய்க்கும், தட்டும், திருப்பும் கைகளைக் காட்டுகிறது. 2002-இன் 'வீடியோ குவார்ட்டெட்' எழுநூறுக்கு மேற்பட்ட திரைப்படத் துணுக்குகளை நான்கு திரைகளில் ஓடவிட்டு ஒரு கச்சேரியாகக் கட்டியது. 24 மணி நேரம் ஓடும் 'த கிளாக்' (2010) அவருக்கு 2011-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்க விருதைப் பெற்றுத் தந்தது. புகழ் அதனால் வந்தது என்றாலும், வேர் என்னவோ இசைத்தட்டிலும் அதன் உறையிலும்தான் இருக்கிறது.

உறை வந்த கதை

நம் நாட்டில் முதல் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் நடந்தது. அப்போது பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டுகள் அரக்கு கலந்தவை, கீழே விழுந்தால் உடைபவை. அவற்றுக்குப் படம் போட்ட உறை இல்லை. பழுப்புக் காகிதப் பை, நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியே தட்டின் நடுவிலுள்ள சீட்டைப் படித்துக்கொள்ள வேண்டியது. எங்கள் தாத்தா காலத்தில் 'நாய் மார்க்குப் பிளேட்டு' என்றால் போதும், கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

உறையில் ஓவியம் தீட்டும் வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பியவர் 1939-இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டுகள் வந்தபின் உறை பெரிதாகி, அழகாகி, தானே ஒரு பண்டமாகிவிட்டது. பாட்டைக் கேட்குமுன் வாங்குகிறவர் கண்ணில் படுவது உறைதானே! காதுக்கான சரக்கைக் கண்ணைக் காட்டி விற்கிற இந்தத் தந்திரத்தைத்தான் மார்க்ளே கத்தரிக்கோலோடு விசாரிக்கிறார்.

தைத்த உடம்புகள்

1991, 1992-இல் அவர் செய்த 'பாடி மிக்ஸ்' வரிசையே அருங்காட்சியகத்தில் நான் பார்த்தது. கோட்டுப் போட்டுக் கோலை உயர்த்தும் இசை நடத்துநரின் மேலுடம்பு ஓர் உறையில். அதன்கீழ் தைத்த இன்னோர் உறையில் ஒரு பெண்ணின் வெறுங்கால்கள். பார்த்ததும் சிரிப்பு வரும். கொஞ்சம் நின்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். மேல்நாட்டு உறைகளில் ஆணுக்குத் தலையும் கையும், பெண்ணுக்குக் காலும் இடுப்பும் என்று யாரும் எழுதிவைக்காமலே ஒரு பங்கீடு நடந்திருப்பது தெரிகிறது. 1990-இல் இசை நடத்துநர் படமுள்ள உறைகளை அடுக்கி 'டிக்டேட்டர்ஸ்', அதாவது சர்வாதிகாரிகள், என்று பெயரிட்டவர் அவர். இங்கே அந்தச் சர்வாதிகாரிகளுக்கு வேறு கால்களைத் தைத்துவிட்டார்.

தமிழ் வாசகர் இதைப் பார்க்கும்போது வேறொன்றும் நினைவுக்கு வரவேண்டும். நம்முடைய பின்னணிப் பாடல் முறையே ஒரு 'பாடி மிக்ஸ்' அல்லவா? டி.எம். சௌந்தரராஜனின் தொண்டை, சிவாஜி கணேசனின் உதடு. பி. சுசீலாவின் குரல், யாரோ ஒரு நடிகையின் கண். ஒருவர் குரலை இன்னொருவர் உடம்பில் தைப்பதை நாம் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறோம். சினிமா இசைத்தட்டு உறையிலும் பெரிதாக இருப்பது நடிக நடிகையர் படமே. பாடியவர் பெயரைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. மார்க்ளேயின் தையல் வெளியே தெரிகிறது, நூல் தொங்குகிறது. நம் தையல் கண்ணுக்குத் தெரியாத தையல். அது ஒட்டுத் துணி என்பதையே மறக்கடித்து, நடிகரே பாடுவதாக நம்பவைப்பதில்தான் நம் கலைஞர்களின் சாமர்த்தியம் இருந்தது. இரண்டில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் மார்க்ளேயைப் பார்த்தபிறகு பழைய சினிமா உறைகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இதற்கு விலக்கும் நம் ஊர்ப்பக்கமே உண்டு. 1945-இல் வந்த தமிழ் 'மீரா'வில் எம்.எஸ். நடித்தார், தாமே பாடினார். அதில் ராணாவாக நடித்த சித்தூர் வி. நாகய்யாவும் தம் படங்களில் தாமே பாடிய நடிகர். 1946-இன் 'தியாகய்யா'வில் நடிப்பு, பாட்டு, இயக்கம் எல்லாம் அவரே. பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபல்லே என்றாலும், மேடையேறிய எங்கள் ஊர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. தையல் இல்லாத முழுத்துணிகள் இவர்கள். சுப்ரபாத உறையின் மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. அந்த முகத்துக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் நூல் இல்லை.

கால் பட்டால்

மார்க்ளேயின் படைப்புகளில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது 1989-இல் சூரிச் நகரில் அவர் செய்த 'ஃபுட்ஸ்டெப்ஸ்'. நடக்கும் ஓசையைப் பதிவுசெய்த 3,500 இசைத்தட்டுகளை ஒரு கூடத்தின் தரை முழுக்கப் பரப்பினார். வந்தவர்கள் எல்லாரும் அவற்றின்மேல் நடந்துதான் ஆகவேண்டும். பிறகு அந்த மிதிபட்ட தட்டுகளையே எடுத்து விற்பனைக்கு வைத்தார்கள். பதிவான காலடியின் மேல் உண்மைக் காலடி. எது பாட்டு, எது கீறல் என்று பிரிக்கமுடியாது. கருத்தளவில் இதைவிடக் கச்சிதமான படைப்பை அவர் செய்யவில்லை என்றே சொல்வேன்.

ஆனால் அந்தக் கூடத்தில் என்னை நிறுத்தினால்? என் கால் எழும்பாது. தவறிப்போய் ஒரு தட்டை மிதித்துவிட்டால் என் கை தானாகக் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். புத்தகம், பேப்பர், வீணை, ஆர்மோனியம் எதில் கால் பட்டாலும் எங்கள் ஆயா, "ஐயோ, சரஸ்வதிடா, கண்ணுல ஒத்திக்கோ" என்று அதட்டுவாங்க. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டு அரிதாக இருந்த ஊரில் பிறந்த மரியாதை அது. மார்க்ளேயின் கத்தரிக்கோலுக்குப் பின்னால், ஒரு டாலருக்குக் குவியலாகத் தட்டு கிடைத்த ஊரின் வளம் இருக்கிறது. அவருக்கு இசைத்தட்டு குப்பைக்குப் போகும் பண்டம், குப்பையிலிருந்து மீட்கிறார். நைனாவுக்கு அது சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய சாமான். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மார்க்ளேயைப் பாராட்டுவது அரைகுறைத் திறனாய்வு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கீறல் விழட்டும் என்று உறையில்லாமல் விட்ட அவருடைய அந்தத் தட்டையே இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆக, அங்கேயும் ஒரு பூசை அறை உருவாகத்தான் செய்கிறது.

பூசை செய்த தவறு

இவ்வளவு சொன்னபின் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது.

தாத்தாவிடம் சாவி கொடுத்துப் பாடவைக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. அதோடு சில 78 தட்டுகள். அவற்றில் தாத்தாவுக்கு உயிர், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடிய தட்டு. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடர், மதுரை சோமுவின் குரு, 1954-இல் சங்கீத கலாநிதி. 'மதுரா நகரிலோ' என்ற தெலுங்குப் பாட்டு என்றாலே அந்தக் காலத்து ரசிகர்களுக்கு அவர் ஞாபகம்தான் வரும். தமிழ்ப் பெயர், தெலுங்குப் பாட்டு, ஊர் சித்தூர். 1911-இல் மாவட்டமாகி, 1953-இல் ஆந்திரத்தில் சேர்ந்து, 1960-இல் திருத்தணியைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த எங்கள் சீமையின் கதை முழுவதும் அந்த ஒரு தட்டில் இருந்தது. தாத்தா தொடையில் தாளம் போடுவார். எங்களுக்குக் கணக்குப் புரியாது, தொடை சிவப்பதுதான் தெரியும்.

நான் வெளிநாடு கிளம்பும் முன் வீட்டை ஒழித்து வெள்ளையடித்தோம். பழைய சாமான் வாங்குகிறவர் வந்தார். "பாடாத பொட்டி எதுக்கு சார், எடத்தை அடைச்சுக்கிட்டு?" என்றார். பெட்டியையும் பழுப்புப் பையிலிருந்த தட்டுகளையும் எடைக்குப் போட்டவன் நான்தான். ஆனால் சட்டம் போட்ட சுப்ரபாத உறையைத் தொடவில்லை. அதைத் தொட யாருக்கும் தோன்றாது. அதில் சாமி இருக்கிறார். சுப்பிரமணிய பிள்ளையின் தட்டில் யார் இருந்தார்? ஓட்டை வழியே தெரிந்த ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

உறை இருந்த தட்டு பிழைத்தது. உறை இல்லாத தட்டு போயிற்று. மார்க்ளேயின் உறையில்லாத் தட்டை முதன்முதலில் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் எடைபோட்டேன். பிழைத்ததாகச் சொன்னேனே, அந்தச் சுப்ரபாதத் தட்டும் பிழைக்கவில்லை. சட்டத்துக்குள் உறை பத்திரமாக இருக்க, பேப்பரில் சுற்றிய தட்டு வெயிலில் வளைந்துபோயிருந்தது. கத்தரிக்கோல் மட்டுமே இசையை ஊமையாக்கும் என்பதில்லை. பூவும் பொட்டும்கூட ஆக்கும்.

திருமலையின் செப்பேடுகள்

இந்த உண்மையை மார்க்ளே பிறப்பதற்கு மிக முன்பே எங்கள் பக்கத்து மலை கண்டிருக்கிறது.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய பதங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிறு கல்லறையில் வைக்கப்பட்டன. அந்த அறையின் வாசலருகே அன்னமாச்சாரியாரும் அவர் மகன் பெரிய திருமலாச்சாரியாரும் கல்லில் நிற்கிறார்கள். இசைத்தட்டின் கண்ணோடு பார்த்தால் அந்த அறையே ஓர் உறை. முகப்பில் கலைஞர்களின் உருவம், உள்ளே தட்டு! அந்தத் தட்டுகள் பல நூற்றாண்டுகள் பத்திரமாக இருந்தன, பாடப்படாமல் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் வெளியே எடுத்துப் படித்தபோது சொல் இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. செப்பேட்டில் சுரக்குறிப்பு கிடையாது. சீட்டு மட்டும் மிஞ்சிய இசைத்தட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதை ஊமையாகவே விட்டுவிடவில்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றவர்கள் படித்துப் பதிப்பித்தார்கள். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலியோர் மெட்டமைத்தார்கள். 1980-ஐ ஒட்டித் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியில் எம்.எஸ். பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலா' ஐந்து எல்.பி. தட்டுகளாக வந்து, செப்பேட்டிலிருந்த சொல்லை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. பழைய மெட்டு அல்ல இது, புதுசாகத் தைத்தது. அந்த வகையில் இதுவும் ஓர் ஒட்டுத்துணிதான். ஆனால் மார்க்ளே சத்தமுள்ள தட்டை அறுத்துச் சத்தத்தைப் பற்றி யோசிக்கவைக்கிறார். திருப்பதியில் சத்தமிழந்த தட்டை எடுத்துப் பாடவைத்தார்கள். இரண்டு பேருக்கும் பொதுவானது ஒன்று: தட்டைக் கையால் தொட்டார்கள். தொடாமல் கும்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் அன்னமாச்சாரியார் இன்றும் கல்லறைக்குள்தான் இருந்திருப்பார்.

1963-இல் வந்த சுப்ரபாதமும் அப்படிக் கைபட்டதுதான். மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் 15-ஆம் நூற்றாண்டில் இயற்றியது, கோயிலின் விடியற்காலைச் சேவையில் ஒலித்துவந்தது. எம்.எஸ்.ஸும் ராதா விஸ்வநாதனும் பாடிய பிறகு அது டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் வந்தது. மார்கழி மாதம் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். ஆனால் ரிக்கார்டு பிளேயருக்கு மார்கழி தெரியாது. எங்கள் தெருவில் அந்த மாதமும் சுப்ரபாதம்தான் ஓடியது. இசைத்தட்டு, கோயிலின் காலத்தையே கொஞ்சம் மாற்றித் தைத்துவிட்டது எனலாம். அந்தக் குரலுக்குத் திருப்பதியில் 2006-இல் வெண்கலச் சிலையும் வைத்தார்கள். சிலையும் ஓர் உறைதான். குரலை எடுத்துக் கேட்கிறவரைதான் அதற்குப் பொருள்.

அட்டையின் மறுபக்கம்

2008-இல் மார்க்ளே 'லுக்கிங் ஃபார் லவ்' என்றொரு காணொளி செய்தார். ஓர் ஊசி, தட்டின்மேல் இங்கேயும் அங்கேயும் குதித்து, காதல் என்ற ஒரு சொல்லைத் தேடுகிறது. கிடைத்ததும் அடுத்ததுக்குத் தாவுகிறது. காமிரா ஊசியை விட்டு நகர்வதில்லை. அதைப் பற்றி அறிந்தபோது நைனாவின் கை நினைவுக்கு வந்தது. தனக்குப் பிடித்த இடம் வர, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைத் தூக்கித் தூக்கி வைப்பார். "சத்தம் போடாதீங்கடா, இங்கதான் எங்கயோ இருக்கு" என்பார்.

சென்ற ஆண்டு ஊரிலிருக்கும் தம்பியிடம் அந்தப் பூசையறைச் சட்டத்தைப் பிரிக்கச் சொன்னேன். "சாமி படத்தையா? என்னண்ணா சொல்ற?" என்று தயங்கினான். பிறகு பிரித்து அட்டையின் பின்புறத்தைப் படம்பிடித்து அனுப்பினான். மூலையில் நைனாவின் பென்சில் எழுத்து: வாங்கிய தேதி, அதன்கீழ், 'நடுவில் கீறல் உள்ளது. ஊசியைச் சற்றுத் தள்ளி வைக்கவும்.' ஆக, சட்டம் போடும் முன்பே அவர் அதைக் கீறல் விழும்வரை கேட்டிருக்கிறார். அந்தக் குறிப்பை இத்தனை வருஷம் நாங்கள் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துப் பூ வைத்திருக்கிறோம்.

மகளின் கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். தாத்தா ஆர்ட்டிஸ்ட் இல்லை. ஆனால் மார்க்ளே தேடும் அந்தக் கீறலின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மறைத்தது நாங்கள்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் பலர் வீட்டிலும், பெட்டியின் அடியில் வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்த தட்டுகள் இருக்கும். எங்களைப் போன்ற சித்தூர்க்காரர்களை முதலில் எல்லைக்கோடு இடம்பெயர்த்தது, பிறகு வேலை இடம்பெயர்த்தது. இரண்டு முறையும் கூடவே வந்தது பாட்டுதான். அடுத்த ஆண்டு விழாவுக்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். உறையின் முன்பக்கத்தை மட்டுமல்ல, பின்பக்கத்தையும் படம்பிடிப்போம். பொடி எழுத்திலிருக்கும் பாடகர், பக்கவாத்தியக்காரர் பெயர்களைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்வோம். பழுப்புப் பையில் இருக்கும் தட்டை முதலில் போடுவோம். கீறலோடு பதிவுசெய்வோம். யாரிடமாவது சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் 78 தட்டு இருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விலைக்குக் கேட்கவில்லை. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.